கூப்பிட்ட பேருக்கு விளக்கு எரிய வேண்டும்!

மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் கேம்பல் பேயில் விளக்கேற்றும் நேரம் வந்துவிடும். ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ அந்நேரம் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் வங்கக் கடலின் கிழக்குக் கோடியில் இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவுக்குச் சூரியன் முந்தி வந்து முந்திப் போய்விடுகிறது.

விளக்கேற்றுவது என்றால் ஒரு காலத்தில் திரியைத் தூண்டுவது. பிறகு சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டுவது. இப்போது மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது. விளக்கைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது! “ஹால் லைட் ஆன்” என்று குரல் கொடுத்தால் விளக்கு எரிகிறது. “ஆஃப்” என்றால் அணைகிறது. மின்விசிறியும் அப்படியே.

சொன்னால் எரியுமா என்று கேட்டால், எரியும். ஆனால் கூப்பிடுகிற பேர் சரியாக இருக்க வேண்டும். பேர் சரியில்லாவிட்டால் ஹால் விளக்கைக் கூப்பிட்டால் அடுக்களை விளக்கு எரியும். மின்விசிறியைக் கேட்டால் யந்திரம் ஒரு சினிமாப் பாட்டைப் பாடும். காசு கொடுத்து வாங்கிய சாமான் கேலிப் பொருளாகி, பரணில் ஏறிவிடும். ஆகவே, பிள்ளைக்குப் பேர் வைப்பதைப் போல விளக்குக்கும் யோசித்துத்தான் பேர் வைக்க வேண்டியிருக்கிறது.

கடலடியில் வந்த கம்பி

கேம்பல் பே போன்ற ஊரில் இந்தப் பேச்சுக்கே சில ஆண்டுகளுக்கு முன்பு இடமில்லை. காரணம், இணையம். சுவர்க்கோடியில் உட்கார்ந்து நம் குரலைக் கேட்கும் அந்தச் சிறு ஒலிபெருக்கி தானாக ஒன்றும் புரிந்துகொள்வதில்லை. கேட்டதை இணையத்தின் வழியே வெகுதொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வந்த பிறகே வேலை செய்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளோ வெகுகாலம் செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தன. ஒரு போட்டோவை ஊருக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்த நாட்களைத் தீவுவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் போடும் திட்டத்துக்கு 2018-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளம். சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேர், சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களை அது இணைக்கிறது. மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளில் ஒளியாக ஓடிவரும் செய்தி, கேம்பல் பே கரையிலும் ஏறிவிட்டது. அதன் பிறகே குரல் கேட்டு வேலை செய்யும் சாதனங்களுக்கு இங்கும் வழி பிறந்தது.

நாலு வேலை, ஓரிரு நொடி

இந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பேர் வைப்பது சுலபமாகிவிடும்.

முதலாவது, விழித்துக்கொள்வது. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் சிறிய சில்லு எப்போதும் ஒரே ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அமேசான் கம்பெனியின் சாதனத்தில் அந்தச் சொல் “அலெக்ஸா.” கூகுள் கம்பெனியின் சாதனத்தில் “ஓகே கூகுள்” அல்லது “ஹே கூகுள்.” இது காதில் விழுந்த பிறகு நாம் சொல்வதுதான் வெளியே அனுப்பப்படும்.

இரண்டாவது, குரலை எழுத்தாக்குவது. நாம் சொன்னதைத் தூரத்துக் கம்ப்யூட்டர் எழுத்தாக எழுதிப் பார்க்கிறது. மூன்றாவது, கருத்தைப் பிரிப்பது. “ஆன்” என்பது கட்டளை, “ஹால் லைட்” என்பது பொருள் என்று பிரித்துக்கொள்கிறது. நான்காவது, பட்டியலைப் பார்ப்பது. நம் வீட்டில் உள்ள சாதனங்களுக்கு நாம் கொடுத்த பேர்களின் ஜாபிதா அதனிடம் இருக்கும். அதில் “ஹால் லைட்” இருந்தால் விளக்குக்கு உத்தரவு போகும். இல்லாவிட்டால், ஏறக்குறைய அப்படி ஒலிக்கும் வேறு பேர் இருக்கிறதா என்று தேடும். தகராறு இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

ஆபீசில் ஒரே பேரில் இரண்டு பைல் இருந்தால் என்ன நடக்கும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். கேட்டது ஒன்று, மேஜைக்கு வருவது மற்றொன்று. யந்திரமும் அப்படிப்பட்ட ஒரு ரிக்கார்டு கீப்பர்தான். பைலின் மேலட்டையைப் பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது.

நகர், நகர், நகர்

பேர்க் குழப்பத்துக்கு கேம்பல் பே வாசிகள் வெளியூர் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

1969-ம் ஆண்டு முதல் இத்தீவின் கிழக்குக் கரையில் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தவர் வந்தார்கள். அவர்களுக்காக அமைந்த ஊர்களின் பேர்களைக் கவனியுங்கள்: கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான். டெலிபோனில் லைன் கரகரவென்று இருக்கும்போது “நகர்” என்று மட்டும் காதில் விழுந்தால் ஆறில் எது என்று யாரால் சொல்ல முடியும்? முன்பாதிதான் ஊரைக் காட்டிக் கொடுக்கிறது. அதிலும் “கோவிந்த்”தும் “ஜோகிந்தர்”ரும் அவசரமாகச் சொன்னால் உடன்பிறப்புகள் போல ஒலிக்கும்.

வீட்டுச் சாதனங்களுக்கும் இதே நியாயம். “லைட்” என்ற வால் எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே முன்னால் வரும் சொல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

அரசு ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர். ராமநாதபுரம் ஜில்லாக்காரர். குவார்ட்டர்ஸில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாயார். தாயாருக்கு முழங்கால் வலி. இரவில் இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டும். சுவிட்ச் இருப்பதோ கதவுக்கு அந்தப் பக்கம். இருட்டில் தடவிக்கொண்டு போய் விழுந்துவிட்டால்? இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் தலைநகருக்கு ஐந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் கடலைத் தாண்ட வேண்டும். மகன் யோசித்து, குரல் கேட்டு எரியும் பல்புகளை வாங்கி மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் வைத்த பேர்கள்: “பெட்ரூம் லைட்”, “பாத்ரூம் லைட்.” கேட்பதற்கு ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், பல் செட்டைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு மூதாட்டியின் வாயில் அந்த இரண்டு சொல்லும் எப்படி வரும்? “பாத்ரூம் லைட்” என்று அவர் கூப்பிட, மகனும் மருமகளும் தூங்கும் அறையில் பளீரென்று விளக்கு எரிகிறது. எல்லோரும் பதறி எழுந்திருக்கிறார்கள்.

“என்னம்மா, என்ன வேணும்?”

“ஒண்ணுமில்ல தம்பி, நீ படு. அதக் கூப்பிட்டேன், இது எரிஞ்சிருச்சு.”

மறுநாள் இரவு தாயார் எந்த விளக்கையும் கூப்பிடவில்லை. பிள்ளையின் தூக்கம் கெடக்கூடாதென்று இருட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். எந்த ஆபத்தைத் தவிர்க்க விளக்கு வந்ததோ, அதே ஆபத்துக்குத் தவறான பேர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. யந்திரம் கெட்டுப்போகவில்லை, பணமும் வீணாகவில்லை. பிசகு பேரில் மட்டுமே.

என்ன பேர் வைக்கலாம்?

அனுபவப்பட்டவர்கள் கடைப்பிடிக்கும் சில முறைகள் உண்டு.

பேர் இரண்டு சொல்லில் இருப்பது உத்தமம்: எந்த இடம், என்ன பொருள். “கிச்சன் லைட்”, “ஹால் ஃபேன்” என்பது போல. ஒரே சொல்லானால் வேறு எதனோடாவது குழம்பும். நாலு சொல்லானால் நமக்கே மறந்துபோகும்.

கம்பெனி கொடுத்து அனுப்பும் பேரை அப்படியே விட்டுவிடக் கூடாது. எழுத்தும் எண்ணுமாக நீளும் அந்தப் பேரை மனிதர் யாரும் வாயால் சொல்ல முடியாது. சாதனத்தை மாட்டிய அன்றைக்கே பேரை மாற்றிவிட வேண்டும்.

எண்களைத் தவிர்ப்பது நல்லது. “ஃபேன் இரண்டு” என்று பேர் வைத்தால், இரண்டாவது மின்விசிறியா, இரண்டாம் வேகமா என்று யந்திரம் திகைக்கும். “ஜன்னல் ஃபேன்”, “வாசல் ஃபேன்” என்றால் சந்தேகமில்லை.

அறைக்கும் விளக்குக்கும் ஒரே பேர் வைக்கக் கூடாது. பல சாதனங்களை ஒரு தொகுதியாகக் கட்டி “கிச்சன்” என்று பேர் கொடுத்திருப்போம். அங்குள்ள ஒரு விளக்குக்கும் “கிச்சன்” என்று பேர் இருந்தால், விளக்கை அணைக்கச் சொல்லும்போது மற்றவையும் சேர்ந்து அணையலாம்.

“ஆன்”, “ஆஃப்”, “ஸ்டாப்” போன்ற கட்டளைச் சொற்கள் பேருக்குள் வரக் கூடாது. பாட்டு, சினிமா, நடிகர் பேர்களும் வேண்டாம். ஆசையாக ஒரு நடிகர் பேரை விளக்குக்கு வைத்தால், விளக்கு எரிவதற்குப் பதில் அவர் படப்பாட்டு ஒலிக்கும்!

பேரே வேண்டாத ஒரு வழியும் உண்டு. ஒலிபெருக்கியையும் அந்த அறையின் விளக்கையும் ஒரே தொகுதியில் சேர்த்துவிட்டால், அந்த அறையில் நின்று வெறுமனே “லைட் ஆன்” என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொன்னால் போதும். அந்த அறை விளக்கே எரியும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது சௌகரியம்.

கூப்பிடும் சொல்லையும் கவனிக்க வேண்டும். நம்மவர்களில் அலெக்ஸ் என்ற பேர் உள்ளவர்கள் ஏராளம். வீட்டில் ஓர் அலெக்ஸ் இருந்தால், அவரைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் யந்திரமும் விழித்துக்கொள்ளும். “எக்கோ” அல்லது “கம்ப்யூட்டர்” என்று விழிக்கும் சொல்லை மாற்றிக்கொள்ள அதில் வசதி இருக்கிறது. மேல்நாடுகளில் அலெக்ஸா என்று பேருள்ள பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானதாகப் பெற்றோர் குறைப்பட்டுக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. மனிதர் பேரை யந்திரத்துக்கு வைத்ததால் வந்த வினை அது.

நம் நாக்கும் அதன் காதும்

தமிழர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. அமேசானின் சாதனம் 2017-ம் ஆண்டில் ஆங்கிலம் கேட்டுக்கொண்டு இந்தியாவுக்கு வந்தது. 2019-ம் ஆண்டில் இந்தியும் கற்றுக்கொண்டது. கூகுள் கம்பெனி கைப்போனில் தன் உதவியாளருக்குத் தமிழ் கற்றுக் கொடுக்கப் போவதாக 2018-ம் ஆண்டிலேயே அறிவித்தது. ஆனால் போன் தமிழ் கேட்கிறது என்பதற்காக வீட்டு ஒலிபெருக்கியும் கேட்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாங்கும் முன், “இது என்ன மொழி கேட்கும்?” என்று கடைக்காரரிடம் கேட்பது புத்திசாலித்தனம்.

தமிழில் “ஃப” என்ற ஒலி இயல்பானதல்ல. நம்மில் பலர் “ஃபேன்” என்பதைப் “பேன்” என்றே சொல்கிறோம். ஆங்கிலம் பழகிய யந்திரத்தின் காதில் அது சமையல் சட்டியைக் குறிக்கும் “பேன்” ஆக விழும். பிறகு சட்டியைத் தேடி அது பட்டியலில் அலையும். இந்தியில் வைத்தால் “பங்க்கா” என்று சொல்ல வேண்டும். அது நமக்குப் பழைய சொந்தம்தான். கச்சேரிகளில் கயிறு கட்டி இழுத்த துணி விசிறியைப் “பங்கா” என்றே நம் முன்னோர் அழைத்தார்கள். அந்தக் கயிற்றை இழுத்த மனிதனுக்கு எந்தப் பாஷையில் சொன்னாலும், சொல்லாமல் முகத்தைத் துடைத்தாலும் புரிந்தது. யந்திரத்துக்கு அந்த ஞானம் கிடையாது.

இத்தீவில் பஞ்சாபியும் தெலுங்கரும் தமிழரும் ஒருவரோடொருவர் பேசுவது பெரும்பாலும் இந்தியில். வெளியே வேலை பார்ப்பவருக்கு அது பழகிவிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் தாய்க்கு? யந்திரத்தின் மொழியை வீட்டில் அதிகம் படித்தவருக்கு ஏற்ப வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதை அதிகம் நம்பியிருப்பவருக்கு ஏற்ப வைப்பதே முறை.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. நாம் சொன்னது அதன் காதில் எப்படி விழுந்தது என்பதை யந்திரம் எழுதி வைத்துக்கொள்கிறது. போனில் உள்ள அதன் செயலியில், முன்பு பேசியவற்றின் பதிவு என்ற பகுதியைத் திறந்தால் அதைப் படிக்கலாம். வேண்டிய சொல்லை வீட்டுக்காரர் மூன்று நான்கு தடவை சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால், அதையே விளக்கின் பேராக எழுதிவிடலாம். எழுத்துப் பிழை என்று நமக்குத் தோன்றினாலும் திருத்தக் கூடாது. அந்தப் பேர் யந்திரத்தின் காதுக்காக எழுதியது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக எழுதியிருந்தால் அந்தச் சொல் உதவாது. வேறு சொல் தேட வேண்டும்.

புயலுக்கும் ரயிலுக்கும் இதே நியாயம்

கேட்டவுடன் புரிய வேண்டும், மற்றொன்றோடு குழம்பக் கூடாது என்ற கவலை இந்த யந்திரம் வந்த பிறகு பிறந்ததல்ல.

ஆங்கிலத்தில் பி, டி, பி என்று எழுத்துக்கள் வானொலி இரைச்சலில் ஒன்று போல ஒலிக்கும். விமானத்திலும் கப்பலிலும் அப்படிக் குழம்பினால் உயிர் போகும். அதனால்தான் “ஆல்ஃபா, பிராவோ, சார்லி” என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்து, 1956-ம் ஆண்டு முதல் சர்வதேச விமானப் போக்குவரத்தில் உபயோகித்து வருகிறார்கள். 2012-ம் ஆண்டு கேம்பல் பேயில் தொடங்கப்பட்ட ‘பாஸ்’ கடற்படை விமானத் தளத்துக்கு வந்து போகும் விமானங்களுக்கும் அதே சொற்கள்தான்.

வங்கக் கடல் புயல்களுக்குப் பேர் வைப்பதும் அப்படியே. 2020-ம் ஆண்டில் 13 நாடுகள் சேர்ந்து 169 பேர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டன. பேர் சிறியதாக, எட்டு எழுத்துக்கு மேற்படாமல், சுலபமாக உச்சரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியா கொடுத்த பேர்களில் “முரசு”, “நீர்” என்ற தமிழ்ச் சொற்களும் உள்ளன. கடலோரத்தில் வலை பின்னுகிறவர் காதில் ஒரு தடவை விழுந்தாலே நிற்க வேண்டிய பேர்கள் அவை.

ரயில்வேயைப் பாருங்கள். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் முழுப் பேர் 2019-ம் ஆண்டில் நீண்ட பேராக மாறியது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் “சென்ட்ரல்” என்றால் போதும். டிக்கெட்டிலோ மூன்றே எழுத்துக் குறியீடு. முறையான பேர் ஒன்று, கூப்பிடும் பேர் ஒன்று, கணக்குக்கு ஒன்று. மூன்றும் அதனதன் இடத்தில் சரி.

இத்தீவுகளின் கதையும் அதுதான். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி “மாநக்கவாரம்” என்கிறது. உலகம் நிக்கோபார் என்கிறது. தென்கோடி முனையை முன்பு பிக்மேலியன் முனை என்றார்கள். இப்போது இந்திரா முனை. போர்ட் பிளேர் 2024-ம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அரசிதழில் பேர் ஒரே நாளில் மாறிவிடும். நாக்கு மாறுவதற்கு நாளாகும். வீட்டிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டார் பத்து வருஷமாக “பின் ரூம்” என்று சொல்லி வரும் அறைக்கு “கெஸ்ட் ரூம்” என்று யந்திரத்தில் எழுதினால், ஒருவரும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை.

எதற்குப் பேர் வைக்கவே கூடாது?

சில பொருள்களைக் குரலிடம் ஒப்படைக்காமல் இருப்பதே நலம். தண்ணீர் சுட வைக்கும் கீசர், கிணற்று மோட்டார், இஸ்திரிப் பெட்டி, வாசல் பூட்டு ஆகியவை அந்த ரகம். யந்திரம் சொன்னவர் யார் என்று பார்ப்பதில்லை. சொல் காதில் விழுந்ததா என்றே பார்க்கிறது.

அமெரிக்காவில் 2017-ம் ஆண்டு ஜனவரியில் நடந்ததை உலகமே சிரித்துப் படித்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறுமி யந்திரத்திடம் பேசி ஒரு பொம்மை வீட்டை ஆர்டர் செய்துவிட்டாள். அதைச் செய்தியாகச் சொன்ன சான் டியாகோ டெலிவிஷன் அறிவிப்பாளர், சிறுமி சொன்னதைத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுப் பல வீடுகளில் இருந்த யந்திரங்களும் பொம்மை வீடு வாங்கக் கிளம்பிவிட்டன! அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு தின்பண்டக் கம்பெனி வேண்டுமென்றே தன் டி.வி. விளம்பரத்தில் “ஓகே கூகுள்” என்று சொல்ல வைத்து, வீட்டு யந்திரங்களைப் பேச வைத்தது. பொம்மை வீடானால் சிரிக்கலாம். பூட்டோ கீசரோ ஆனால் சிரிக்க முடியாது.

நாம் பேசியது பதிவாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்துக்கொண்ட விவகாரத்தில், 2023-ம் ஆண்டில் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடலாம். வீட்டில் முக்கியமான பேச்சு நடக்கும்போது, காதை மூடும் பொத்தானை அமுக்கிவிடலாம்.

கரண்ட் போனால்?

கிரேட் நிக்கோபாரில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே வந்திருக்கிறது. கரண்ட் போய் வரும்போது இந்த பல்புகளில் பல, முன்பு அணைந்திருந்தாலும், பிரகாசமாக எரிய ஆரம்பித்துவிடும். “மின்சாரம் திரும்பியதும் பழைய நிலை” என்று அமைத்துக்கொள்ள வசதி இருந்தால் அப்படிச் செய்துவிட வேண்டும்.

மற்றொரு விஷயம். சிலவகை பல்புகளைச் சுவர் சுவிட்சில் அடுத்தடுத்து மூன்று, நான்கு, ஐந்து தடவை போட்டு அணைத்தால், புதிதாக இணைக்கச் சொல்கிறோம் என்று நினைத்துப் பழையதை எல்லாம் மறந்துவிடும். வைத்த பேரும் போய்விடும். கரண்ட் விட்டு விட்டு வரும் ஊரில் இதுவும் நேரலாம். விளக்கு சொன்னபடி கேட்கவில்லையென்றால், பல்பு கெட்டுவிட்டது என்று தூக்கி எறியும் முன் மறுபடி இணைத்துப் பார்க்க வேண்டும்.

இணையம் அறுந்தால் பெரும்பாலான யந்திரங்கள் வாயடைத்துப் போகும். ஆகவே சுவர் சுவிட்சைப் பிடுங்கிவிட வேண்டாம். தலையணைப் பக்கத்தில் டார்ச் லைட்டும் இருக்கட்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில் ஒரே காலையில் எல்லாத் தொடர்பையும் இழந்த தீவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்பத்தா வைத்த பேர்

மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம். மகன் மறுபடி யோசிக்கிறார். இரவில் எரிய வேண்டிய விளக்குக்கு வேறு பேர் வேண்டும். “டாய்லெட்” என்று வைக்கலாமா என்றால், தாயாருக்கு அந்தச் சொல் கூச்சம். மகள்தான் யோசனை சொல்கிறாள்.

“அப்பத்தா, ஊர்ல ராத்திரி எந்த வெளக்க வச்சுட்டுத் தூங்குவீங்க?”

“மாடத்துல ஒரு சிம்னி இருக்கும் தாயி. விடிய விடிய எரியும்.”

“அப்ப ‘மாடம் ஆன்’னு சொல்லுங்க, பாப்போம்.”

அவர் நான்கு தடவை சொல்கிறார். பேத்தி போனைத் திறந்து, யந்திரம் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறாள். நான்கு தடவையும் அது “மேடம்” என்று எழுதியிருக்கிறது! ஆங்கிலம் படித்த யந்திரத்துக்கு மாடம் தெரியாது, மேடம் தெரியும். பரவாயில்லை. விளக்கின் பேர் “மேடம்” என்றே எழுதப்படுகிறது. “பெட்ரூம்”, “ஹால்”, “கிச்சன்” எதனோடும் அது ஒட்டவில்லை. பல் செட் இல்லாத வாயிலும் தெளிவாக வருகிறது. வெளிச்சத்தையும் கால்வாசியாகக் குறைத்து வைத்தாயிற்று.

அன்றிரவு ஒரு மணிக்கு மெல்லிய குரல் கேட்கிறது. “மாடம் ஆன்.” நடையில் மட்டும் மங்கலான வெளிச்சம். அடுத்த அறையில் யாரும் விழிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீடு கேம்பல் பேயில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிழைப்புக்காகப் பாஷை தெரியாத ஊருக்கு வந்து, பெற்றோரையும் கூட்டி வந்து வைத்திருக்கும் எந்தத் தமிழர் வீட்டிலும் இதே நிலைதான். கடைத்தெருவில் பாஷை தெரியாமல் நிற்கும் தாய், வீட்டுக்குள் வந்தும் விளக்கின் பாஷை தெரியாமல் நிற்க வேண்டுமா? புதுச் சாமானை வாங்கி வந்தால், பேர் வைக்கும் உரிமையை இரவில் எழுந்து நடக்கிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் வாயில் வருகிற சொல்லே அந்த விளக்குக்கு நல்ல பேர்.